பாக்ஸ் ஸ்கோரில் எதைப் பார்ப்பது, நம்மூர் மேட்சுக்கு அதை எப்படி எழுதுவது

காட்பாடியில் பள்ளிக் கூடைப்பந்து அணி வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இரண்டு விஷயம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் மேட்ச் முடிந்ததும் வரும் பாக்ஸ் ஸ்கோரில் (ஆள்வாரியாகவும் அணிவாரியாகவும் கணக்கு தரும் அட்டவணை) புள்ளிகளைத் தவிர மற்ற கட்டங்கள் என்ன சொல்கின்றன என்பது ஒன்று. கோடை டோர்னமெண்ட்டில் லேப்டாப் இல்லாமல், டேபிளில் இரண்டு பையன்களை உட்கார வைத்து அதே கணக்கை எடுக்க முடியுமா என்பது இன்னொன்று. முடியும். ஆனால் முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதில் இறங்கினால் நோட்டு நிறையும், அடுத்த நாள் பிராக்டிஸில் என்ன மாற்றுவது என்று மட்டும் தெரியாது. அதனால் முதலில் படிப்பது, பிறகு எழுதுவது.

பாக்ஸ் ஸ்கோரைத் திறந்ததும் கண் நேராகப் புள்ளிகள் கட்டத்துக்குத்தான் போகும். அது கடைசியில் பார்க்க வேண்டிய கட்டம். 20 புள்ளி எடுத்தார் என்றால், எத்தனை ஷாட் செலவழித்து எடுத்தார் என்று உடனே கேட்க வேண்டும். அணிக்கும் இதே கேள்விதான். பந்து கைக்கு வந்த வாய்ப்பு எத்தனை, அதில் எத்தனை ஷாட்டாக மாறியது, எத்தனை வீணாகப் போனது?

ஒரு நிஜ மேட்சை வைத்தே பார்க்கலாம். 2016 ஜூன் 19, என்.பி.ஏ. இறுதித் தொடரின் 7-வது மேட்ச். நமக்கு அது 20-ம் தேதி திங்கட்கிழமை காலை. கிளீவ்லாந்து கேவலியர்ஸ் 93, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 89. வாரியர்ஸ் அந்த சீசனில் 82 லீக் மேட்சில் 73 ஜெயித்த அணி. அணிக் கணக்கு இப்படி இருந்தது. கேவலியர்ஸ்: 82 ஷாட்டில் 33 விழுந்தது, அதில் த்ரீ பாயிண்ட் (வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எடுக்கும் மூன்று புள்ளி ஷாட்) 25-க்கு 6, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் ஒரு புள்ளி ஷாட்) 25-க்கு 21. வாரியர்ஸ்: 83 ஷாட்டில் 32, த்ரீ 41-க்கு 15, ஃப்ரீ த்ரோ 13-க்கு 10.

இங்கேயே பலர் தடுக்கி விழுவார்கள். ஷாட் கட்டத்தில் இருக்கும் 33-க்குள் அந்த 6 த்ரீயும் அடக்கம். தனியாகக் கூட்டக் கூடாது. புள்ளிக் கணக்கு எப்போதும் இப்படித்தான்: விழுந்த ஷாட்டை இரண்டால் பெருக்கு, விழுந்த த்ரீயை ஒரு முறை கூட்டு, ஃப்ரீ த்ரோவைக் கூட்டு. 66 + 6 + 21 = 93. எதிரணிக்கு 64 + 15 + 10 = 89. எந்த பாக்ஸ் ஸ்கோரைப் பார்த்தாலும் முதலில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் அந்தத் தாளை மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

இனி த்ரீயைப் பிரித்தெடுத்தால் மேட்ச் எங்கே போனது என்று தெரியும். த்ரீ பாயிண்ட்டில் மட்டும் வாரியர்ஸுக்கு 45 புள்ளி, கேவலியர்ஸுக்கு 18. அதாவது வாரியர்ஸ் 27 புள்ளி முன்னால். இரண்டு புள்ளி ஷாட்டில் கேவலியர்ஸ் 57-க்கு 27, வாரியர்ஸ் 42-க்கு 17. இதில் கேவலியர்ஸுக்கு 20 புள்ளி லாபம். ஃப்ரீ த்ரோவில் 11 லாபம். 20-ம் 11-ம் சேர்ந்தால் 31, அதில் 27 போனால் 4. மேட்ச் முடிந்த வித்தியாசமும் அதே 4. வெளியிலிருந்து அவ்வளவு அடி வாங்கியும் ரிங்குக்குக் கீழேயும் ஃப்ரீ த்ரோ கோட்டிலும் ஜெயித்த அணி கேவலியர்ஸ் என்பதை இந்த நாலு வரிக் கணக்கு காட்டிவிடுகிறது. மேட்சுக்குப் பிறகு பலரும் பேசியது கடைசி நிமிடத்தில் விழுந்த ஷாட்டைப் பற்றி. தப்பில்லை, ஆனால் அந்த ஷாட் வரைக்கும் மேட்சை இழுத்து வந்தது இதுதான்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். ஷாட் சதவீதத்தை அப்படியே ஒப்பிட்டால் கேவலியர்ஸ் 40.2, வாரியர்ஸ் 38.6. கேவலியர்ஸ் நன்றாக அடித்த மாதிரி தெரியும். ஆனால் த்ரீ ஒன்று விழுந்தால் ஒன்றரை பாஸ்கெட்டுக்குச் சமம். அதைச் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் எஃபெக்டிவ் ஷாட் சதவீதம் என்ற கணக்கு: விழுந்த ஷாட்டுடன் விழுந்த த்ரீயில் பாதியைக் கூட்டி, எடுத்த ஷாட்டால் வகுக்க வேண்டும். கேவலியர்ஸ் 36-ஐ 82-ஆல் வகுத்தால் 43.9. வாரியர்ஸ் 39.5-ஐ 83-ஆல் வகுத்தால் 47.6. தலைகீழாகிவிட்டது. ஷாட்டில் தரமாக அடித்தது தோற்ற அணிதான்.

ஃப்ரீ த்ரோவையும் உள்ளே கொண்டுவருவது ட்ரூ ஷூட்டிங். எடுத்த ஷாட்டுடன், எடுத்த ஃப்ரீ த்ரோவை 0.44-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அது ஷாட் வாய்ப்பு. புள்ளியை அதன் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். ஏன் 0.44? சாதாரணமாக ஒரு ஃபவுலுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஆகவே ஒரு ஃப்ரீ த்ரோ அரை வாய்ப்பு. ஆனால் பாஸ்கெட்டும் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் வரும் ஒற்றை ஃப்ரீ த்ரோ, டெக்னிக்கல் ஃபவுலுக்கு (மோதல் இல்லாத நடத்தைத் தப்புக்கு) வரும் ஃப்ரீ த்ரோ இதெல்லாம் புது வாய்ப்பு எதையும் தின்பதில்லை. சராசரி பார்த்தால் அரைக்குக் கொஞ்சம் கீழே, 0.44-இல் நிற்கிறது.

கேவலியர்ஸுக்கு 82 + 11 = 93 வாய்ப்பு, 93 புள்ளி. சரியாக 50 சதவீதம். வாரியர்ஸுக்கு 83 + 5.72 = 88.72 வாய்ப்பு, 89 புள்ளி. 50.2 சதவீதம். கிட்டத்தட்ட சமம். இரண்டு அணிக்கும் ஒரு வாய்ப்புக்கு ஒரு புள்ளி. அப்படியானால் கேவலியர்ஸ் ஜெயித்தது நாலு வாய்ப்பு கூடுதலாகச் சேர்த்ததால். கூடுதல் வாய்ப்புக்கு இரண்டே வழி உண்டு: விழாத ஷாட்டைத் திரும்பப் பிடிப்பது, அல்லது பந்தைப் பறிகொடுக்காமல் இருப்பது. ரீபவுண்ட் (விழாத ஷாட்டைப் பிடிப்பது) கட்டத்தைப் பாருங்கள்: கேவலியர்ஸ் 48, வாரியர்ஸ் 39. பாக்ஸ் ஸ்கோர் படிப்பது என்றால் இதுதான். ஒரு கட்டம் இன்னொரு கட்டத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

இப்போது தனி ஆட்டக்காரர்கள். கேவலியர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் 27 புள்ளி, 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட் (பாஸ்கெட்டாக மாறிய பாஸ்). மூன்றிலும் இரட்டை இலக்கம், அதாவது டிரிபிள் டபுள். ஆனால் ஷாட் 24-க்கு 9, த்ரீ 5-க்கு 1, ஃப்ரீ த்ரோ 10-க்கு 8. ட்ரூ ஷூட்டிங் 47.5, தன் அணியின் சராசரிக்கும் கீழே. எதிரே டிரேமண்ட் கிரீன் 32 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட். ஷாட் 15-க்கு 11, த்ரீ 8-க்கு 6, ஃப்ரீ த்ரோ 4-க்கு 4. ட்ரூ ஷூட்டிங் 95.5. அன்றைய தாளில் மிகச் சிறந்த வரி தோற்ற அணியில்தான் இருக்கிறது. பிறகு ஏன் தோற்றார்கள்? கிரீனைக் கழித்துவிட்டு வாரியர்ஸின் த்ரீயைப் பாருங்கள்: 33-க்கு 9. ஸ்டீபன் கரி 14-க்கு 4, கிளே தாம்சன் 10-க்கு 2. அந்த அணியின் பிழைப்பே அந்த இருவரின் த்ரீதான்.

இதில் ஒரு எச்சரிக்கை. 10-க்கு 2 அடித்ததால் தாம்சன் மோசமான ஷூட்டர் ஆகிவிட மாட்டார். ஒரு மேட்ச் என்பது அந்த மேட்சை மட்டும்தான் விளக்கும், ஆளை விளக்காது. நம் பையன் ஒருவன் திருப்பத்தூரில் நாலுக்கு நாலு ஃப்ரீ த்ரோ போட்டான் என்பதற்காக டெக்னிக்கல் ஃப்ரீ த்ரோவுக்கு அவனையே அனுப்புவது அவசரம். ஐம்பது அறுபது ஃப்ரீ த்ரோவாவது சேரட்டும்.

தனி ஆள் கணக்கில் வாய்ப்புச் செலவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு என்.பி.ஏ. ஆட்டக்காரர் கோபி பிரையன்ட்டின் இரண்டு மேட்ச் போதும். 2006 ஜனவரி 22, டொராண்டோவுக்கு எதிராக 81 புள்ளி: ஷாட் 46-க்கு 28, த்ரீ 13-க்கு 7, ஃப்ரீ த்ரோ 20-க்கு 18. ட்ரூ ஷூட்டிங் 73.9. அவருடைய கடைசி மேட்ச், 2016 ஏப்ரல் 13, யூட்டாவுக்கு எதிராக 60 புள்ளி: ஷாட் 50-க்கு 22, த்ரீ 21-க்கு 6, ஃப்ரீ த்ரோ 12-க்கு 10. ட்ரூ ஷூட்டிங் 54.3. வாய்ப்புச் செலவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, 55. புள்ளியில் 21 வித்தியாசம்.

அடுத்து பிளஸ்-மைனஸ். ஒருவர் கோர்ட்டில் இருந்த நேரத்தில் அவர் அணி எடுத்த புள்ளியிலிருந்து எதிரணி எடுத்த புள்ளியைக் கழித்தால் வருவது. அதே 7-வது மேட்சில் கேவலியர்ஸின் கெவின் லவ் எடுத்தது 9 புள்ளிதான், 9 ஷாட்டில் 3. ஆனால் 14 ரீபவுண்ட், பிளஸ் 19. அணி ஜெயித்ததே 4 புள்ளியில். ஆக அவர் பெஞ்சில் இருந்த நேரத்தில் அணி 15 புள்ளி பின்தங்கியிருக்கிறது. புள்ளிகள் கட்டத்தை மட்டும் பார்ப்பவர் லவ்வைத் தாண்டிப் போய்விடுவார். அதே சமயம் இந்தக் கட்டத்தைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். கூட ஆடிய நாலு பேரின் புண்ணியமும் பாவமும் அதில் சேர்ந்தே இருக்கும். பத்துப் பதினைந்து மேட்ச் சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு.

பழைய தாள்களை இன்றைய தாளோடு ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. என்.பி.ஏ.யில் த்ரீ பாயிண்ட் வந்தது 1979-80 சீசனில். ஸ்டீலும் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) பிளாக்கும் (ஷாட்டைக் கையால் தடுப்பது) அதிகாரப்பூர்வமாக எழுத ஆரம்பித்தது 1973-74-இல், தனி ஆள் டர்ன்ஓவர் (ஷாட் எடுக்காமல் பந்தைப் பறிகொடுப்பது) 1977-78-இல். வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2 அன்று எடுத்த 100 புள்ளியில் 36 பாஸ்கெட், 28 ஃப்ரீ த்ரோ என்று தாளில் இருக்கிறது. ஏழடி ஆள் அன்று எத்தனை பிளாக் போட்டார் என்பதற்கு அதிகாரப்பூர்வக் கட்டமே கிடையாது.

நேரமும் வேறு. என்.பி.ஏ. 48 நிமிடம், நம் மாவட்ட மேட்ச் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி 40. ஃபவுலுக்கு வெளியேறுவது அங்கே ஆறில், இங்கே ஐந்தில். த்ரீ கோடு அங்கே நேர் எதிரே 7.24 மீட்டர், இங்கே 6.75. 2010-க்கு முன் பெயின்ட் அடித்த கோர்ட் என்றால் பழைய 6.25 மீட்டர் கோடே இன்னும் இருக்கலாம். டோர்னமெண்ட்டுக்கு முன் டேப் வைத்து அளந்து பாருங்கள். அரை மீட்டர் கிட்டே இருந்து அடித்த த்ரீ சதவீதத்தை நம்பி வெளியூர் போனால் ஏமாற்றம்தான்.

சரி, நம் டேபிளுக்கு வருவோம்.

அதிகாரப்பூர்வ ஸ்கோர் ஷீட்டில் என்ன இருக்கிறது? ஓடும் ஸ்கோர், யார் போட்டது, ஃபவுல், டைம் அவுட். விழாத ஷாட் அதில் இல்லை. டர்ன்ஓவர் இல்லை. ரீபவுண்ட் இல்லை. மேலே பார்த்த கணக்கு முழுவதும் நிற்பது விழாததின் மேல்தான். ஆக நீங்கள் புதிதாக எழுத வேண்டியது ஸ்கோர் ஷீட்டில் இல்லாததை. புள்ளியையும் எழுதத்தான் வேண்டும், ஆனால் அது ஒத்துப் பார்ப்பதற்கு.

ஆள் இரண்டு. ஒருவர் சொல்பவர், இன்னொருவர் எழுதுபவர். சொல்பவர் கண்ணைப் பந்திலிருந்து எடுக்கக் கூடாது, பேனாவைத் தொடக் கூடாது. எழுதுபவர் தலை நிமிரக் கூடாது. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் எழுதி முடித்து நிமிர்வதற்குள் பந்து மறுபக்கம் போய்விடும். ரீபவுண்ட்டும் டர்ன்ஓவரும் முதலில் தொலையும், ஏனென்றால் அதற்கு விசில் கிடையாது, கைதட்டும் கிடையாது. இரண்டு அணிக்கும் எழுத ஆள் போதவில்லை என்றால், உங்கள் அணிக்கு ஆள்வாரியாகவும் எதிரணிக்கு மொத்தமாகவும் எழுதுங்கள். எதிரணி மொத்தம் இல்லாமல் உங்கள் கணக்கை ஒத்துப் பார்க்க வழியே இல்லை.

சொல்லும் வரிசை எப்போதும் ஒன்றாக இருக்கட்டும்: அணி, பனியன் நம்பர், என்ன செய்தார், என்ன ஆனது. "நம்ம 7, ரெண்டு, மிஸ். அவங்க 12, டிஃபென்ஸ் ரீபவுண்ட்." பெயர் சொல்ல வேண்டாம். மேட்சுக்கு முன் ஸ்கோர் ஷீட்டில் உள்ள பன்னிரண்டு நம்பரையும் பனியனோடு சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே செட் பனியனை ஜூனியரும் சீனியரும் மாற்றிப் போடும் டோர்னமெண்ட்டில், காலையில் 9-ஆம் நம்பராக ஆடியவன் சாயந்திரம் 14-ஆக வந்து நிற்பான்.

தாள் ஏ3 அளவில், குறுக்குவாட்டில். ஆளுக்கு ஒரு வரிசை. ஷாட் கட்டம்தான் அகலமாக வேண்டும். ஷாட் எடுத்ததும் 2 அல்லது 3 என்று எழுதுங்கள், விழுந்தால் அதைச் சுற்றி வட்டம். ஃப்ரீ த்ரோவுக்கு ஒவ்வொன்றுக்கும் சின்ன வட்டம், விழுந்தால் உள்ளே நிரப்புங்கள். மற்றவற்றுக்குக் கோடு போட்டால் போதும்: ஆஃபென்ஸ் ரீபவுண்ட் (தன் அணியின் மிஸ்ஸைப் பிடிப்பது), டிஃபென்ஸ் ரீபவுண்ட் (எதிரணியின் மிஸ்ஸைப் பிடிப்பது), அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், டர்ன்ஓவர், ஃபவுல். கடைசியில் "அணி" என்று ஒரு வரிசை கட்டாயம் விடுங்கள், அது எதற்கு என்று கீழே வரும். ஃபிபா ஸ்கோர் ஷீட்டில் முதல், மூன்றாம் குவார்ட்டர் சிவப்பு மை, இரண்டாம், நான்காம் குவார்ட்டர் நீலம் அல்லது கருப்பு. நீங்களும் அதையே பின்பற்றினால் முதல் பாதியில் ஆஃபென்ஸ் ரீபவுண்ட் எத்தனை என்று பிறகு பிரிக்க முடியும். கோர்ட் திறந்தவெளி என்றால் ஜெல் பேனா வேண்டாம். வேலூர் வெயிலில் கை வியர்வை பட்டால் அரைப் பக்கம் அழிந்துவிடும். பால்பாயிண்ட், அட்டை, நாலு மூலைக்கும் கிளிப்.

இப்போது சண்டை வரும் இடங்கள். இதில்தான் பழகாத டேபிள் தடுமாறும்.

ஷாட் எடுக்கும்போது ஃபவுல். பந்து விழவில்லை என்றால் அது ஷாட் கணக்கிலேயே வராது, ஃப்ரீ த்ரோ மட்டும். விழுந்தால் ஷாட்டும் உண்டு, ஃப்ரீ த்ரோவும் உண்டு. இதைத் தப்பாக எழுதினால் ரிங்குக்குள் புகுந்து ஃபவுல் வாங்கும் பையனின் சதவீதம் அநியாயமாக விழும். ஒவ்வொரு டோர்னமெண்ட்டிலும் அதிகம் நடக்கும் தப்பு இதுதான்.

பிளாக். அடித்தவருக்கு மிஸ், தடுத்தவருக்கு பிளாக், பிறகு யார் எடுத்தாரோ அவருக்கு ரீபவுண்ட். மூன்று குறி. பையன்கள் கூட்டத்தோடு சேர்ந்து கத்திவிட்டு பிளாக்கை மட்டும் எழுதுவார்கள்.

ரிங்குக்குக் கீழே திரும்பத் திரும்பத் தட்டுவது. கட்டுப்பாட்டோடு ரிங்கை நோக்கித் தட்டிய ஒவ்வொன்றும் ஓர் ஆஃபென்ஸ் ரீபவுண்ட், ஒரு ஷாட். மூன்று தடவை தட்டி மூன்றாவதில் விழுந்தால் மூன்று ரீபவுண்ட், மூன்று ஷாட், ஒரு பாஸ்கெட். கைபட்டுச் சும்மா துள்ளியதற்கு ஒன்றும் இல்லை.

ஷாட் மிஸ் ஆகி, யார் கையிலும் நிற்காமல் பந்து வெளியே போனால் அது உள்ளே போடப்போகும் அணியின் ரீபவுண்ட். அதற்குத்தான் அந்த "அணி" வரிசை. ஷாட் எடுக்காமல் 24 செகண்ட் முடிந்து போவதும் ஆள் பெயரில் இல்லை, அணியின் டர்ன்ஓவர். இரண்டு ஃப்ரீ த்ரோவில் முதலாவது மிஸ் ஆனால் ரீபவுண்ட் கிடையாது, கடைசி ஃப்ரீ த்ரோவுக்குத்தான் உண்டு.

ஸ்டீல் எழுதினால் எதிரணியில் ஒருவருக்கு டர்ன்ஓவர் எழுதியே ஆக வேண்டும். மறுபக்கம் அப்படி இல்லை. டிராவல் (பந்தைத் தட்டாமல் நடப்பது), டபுள் டிரிப்ளிங் (தட்டி நிறுத்திய பிறகு மறுபடி தட்டுவது), சார்ஜிங் ஃபவுல் (பந்தோடு எதிராளி மேல் மோதுவது), பாஸ் நேராக வெளியே போவது, இவையெல்லாம் ஸ்டீல் இல்லாத டர்ன்ஓவர். சார்ஜிங்குக்கு ஃபவுலும் டர்ன்ஓவரும் இரண்டும் எழுத வேண்டும்.

அசிஸ்ட்தான் தாராளம் காட்டும் கட்டம். பாஸ் நேராக பாஸ்கெட்டுக்கு வழி செய்திருக்க வேண்டும். பாஸ் வாங்கியவர் நின்று, எதிராளியைப் பார்த்து, இரண்டு தடவை ஏமாற்றிவிட்டுப் போட்டால் அது அவர் உழைப்பு. ஃபிபா கணக்கில் பாஸ் வாங்கியவர் ஷாட்டில் ஃபவுல் ஆகி ஒரு ஃப்ரீ த்ரோவாவது போட்டால் அசிஸ்ட் உண்டு, என்.பி.ஏ.யில் கிடையாது. எதை எடுத்தாலும் டோர்னமெண்ட் முழுக்க ஒன்றையே எடுங்கள். சொல்பவருக்கு ஒரு பழக்கம்: பாஸ்கெட் விழுந்ததும் முதலில் பாஸ் கொடுத்தவர் நம்பர், பிறகுதான் போட்டவர் நம்பர். போட்டவரை ஸ்கோரரிடம் எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். கொடுத்தவரை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

தவறுதலாகத் தன் ரிங்கிலேயே போட்டுவிட்டால்? ஸ்கோர் ஷீட்டில் அந்த இரண்டு புள்ளி கோர்ட்டில் இருக்கும் எதிரணி கேப்டன் பெயரில் ஏறும். உங்கள் தாளிலும் அப்படியே எழுதி ஓரத்தில் ஒரு குறிப்பு வையுங்கள், இல்லையென்றால் கடைசியில் கூட்டல் உதைக்கும்.

நிமிடக் கணக்கை விட்டுவிடலாம். கடிகாரம் சில மேட்சில் நிற்கும், சில மேட்சில் நிற்காது. அதற்குப் பதில் ஆள் மாறும்போதெல்லாம் ஸ்கோரை எழுதுங்கள்: "34-29, 7 வெளியே, 11 உள்ளே." இதிலிருந்தே வீட்டில் உட்கார்ந்து பிளஸ்-மைனஸ் போடலாம். ஐந்து பேர் எப்போதும் கோர்ட்டில் இருப்பதால், அணியின் எல்லா ஆட்களின் பிளஸ்-மைனஸையும் கூட்டினால் வித்தியாசத்தின் ஐந்து மடங்கு வர வேண்டும். 6 புள்ளியில் ஜெயித்தால் 30. வராவிட்டால் எங்கோ ஓர் ஆள் மாற்றம் விட்டுப்போயிருக்கிறது.

வேலூருக்கு என்று ஒரு குறிப்பு. கோடையில் மேட்ச் காலை ஆறு மணிக்கோ மாலை நாலரைக்கு மேலோதான் நடக்கும். கோர்ட் கிழக்கு மேற்காக இருந்தால் மாலையில் மேற்கு ரிங்கை நோக்கி அடிக்கும் அணிக்குக் கண்ணில் வெயில். பாதி நேரத்தில் பக்கம் மாறும்போது சூரியன் இறங்கிவிடும், ஆக இரண்டு அணிக்கும் ஒரே பாதிப்பு இல்லை. தாளின் மேலே எந்தப் பாதியில் எந்த ரிங் என்று எழுதிவையுங்கள். முதல் பாதி ஃப்ரீ த்ரோ 9-க்கு 3, இரண்டாம் பாதி 9-க்கு 7 என்று வந்தால் பையனைத் திட்டுவதற்கு முன் அந்த வரியைப் பாருங்கள்.

மேட்ச் முடிந்ததும் ஒத்துப் பார்ப்பது. ஒரு மாதிரிக் கணக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் அணி: ஷாட் 62-க்கு 22, அதில் த்ரீ 3, ஃப்ரீ த்ரோ 18-க்கு 12, ஆஃபென்ஸ் ரீபவுண்ட் 14, டர்ன்ஓவர் 19. எதிரணி டிஃபென்ஸ் ரீபவுண்ட் 24, ஸ்டீல் 11.

புள்ளி: 44 + 3 + 12 = 59. ஸ்கோர் ஷீட்டில் 59 இருக்கிறதா? அடுத்து மிஸ்: 40 ஷாட், அதோடு மிஸ் ஆன கடைசி ஃப்ரீ த்ரோ நாலு என்றால் 44. இந்த 44 பந்தும் யாருக்கோ போயிருக்க வேண்டும். உங்கள் 14, அவர்கள் 24, இரண்டு பக்க "அணி" ரீபவுண்ட் 5, மொத்தம் 43. பஸ்ஸர் அடிக்கும்போது காற்றில் இருந்த பந்துக்கு ரீபவுண்ட் கிடையாது, ஆகவே ஒன்றிரண்டு குறைவது சரி. ஐந்தாறு குறைந்தால் சொல்பவர் பாதி மேட்ச் வேடிக்கை பார்த்திருக்கிறார். எதிரணி ஸ்டீல் 11, உங்கள் டர்ன்ஓவர் 19-ஐத் தாண்டவில்லை, சரி.

கடைசியாகப் பொசஷன், அதாவது பந்து அணியின் கைக்கு வந்த முறை: ஷாட் + ஃப்ரீ த்ரோ × 0.44 − ஆஃபென்ஸ் ரீபவுண்ட் + டர்ன்ஓவர். 62 + 7.9 − 14 + 19 = 75. எதிரணிக்கும் போடுங்கள். பந்து இந்தக் கை அந்தக் கை என்று மாறி மாறித்தான் போகும் என்பதால் இரண்டும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். மூன்று நாலுக்கு மேல் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் டர்ன்ஓவர் எழுத விட்டதுதான். இந்த ஒத்துப்பார்த்தலை அன்று இரவே செய்யுங்கள். இரண்டு நாள் கழித்தால் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது.

அமெரிக்கப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் மேட்சைத் தீர்மானிப்பவை நாலு என்று சொல்லி எடையும் கொடுத்தார்: எஃபெக்டிவ் ஷாட் சதவீதம் 40, டர்ன்ஓவர் 25, ஆஃபென்ஸ் ரீபவுண்ட் 20, ஃப்ரீ த்ரோ 15. என்.பி.ஏ.வுக்கு அது பொருத்தம். பள்ளி, கல்லூரி மட்டத்தில் டர்ன்ஓவரை முதலில் பார்க்கச் சொல்வேன். காரணம் மேலே உள்ள கணக்கிலேயே இருக்கிறது. 75 பொசஷனில் 19 வீண், நாலில் ஒன்று. மீதி 56 பொசஷனில் 59 புள்ளி, அதாவது ஷாட் வரைக்கும் போன பொசஷனுக்கு ஒரு புள்ளிக்கும் கொஞ்சம் மேல். டர்ன்ஓவரை 19-லிருந்து 14-ஆகக் குறைத்தால் சும்மாவே ஐந்து புள்ளி. அதே ஐந்து புள்ளியை ஷாட் சதவீதத்தை ஏற்றி எடுக்க வேண்டுமென்றால், அதே 62 ஷாட்டில் இன்னும் இரண்டு மூன்று விழ வேண்டும், நாலு சதவீத உயர்வு. ஷாட்டில் அந்த நாலு சதவீதம் வர மாதக் கணக்காகும். எதிரணி பிரஸ் போட்டால் (கோர்ட் முழுக்க நெருக்கி மறித்தால்) பந்தை எங்கே கொடுப்பது என்பதை இரண்டு வாரத்தில் பழக்கலாம்.

ஆஃபென்ஸ் ரீபவுண்ட்டை எண்ணிக்கையாகப் பார்க்காதீர்கள். நிறைய மிஸ் பண்ணினால் நிறையக் கிடைக்கும். 14-ஐ, 14 + 24-ஆல் வகுத்தால் 37 சதவீதம். இதுதான் ஒரு மேட்சை இன்னொன்றோடு ஒப்பிட உதவும் எண்.

சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது இன்னொரு வழக்கமான தப்பு. முதல் மேட்சில் 2-க்கு 1, இரண்டாவதில் 10-க்கு 3. ஐம்பதையும் முப்பதையும் கூட்டி இரண்டால் வகுத்து நாற்பது என்பார்கள். சரியானது 12-க்கு 4, அதாவது 33. விழுந்ததையும் எடுத்ததையும் தனித்தனியே கூட்டிக்கொண்டு வாருங்கள், வகுப்பது கடைசியில்.

பையன்களுக்குக் காட்டும்போது புள்ளிகள் கட்டத்தை விட்டுவிட்டு மற்றதை ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டில் புள்ளி இருந்தால் அடுத்த மேட்சில் எல்லோரும் ஷாட் எடுப்பார்கள். பொசஷனுக்கு எத்தனை டர்ன்ஓவர், ஆஃபென்ஸ் ரீபவுண்ட் சதவீதம், ஃப்ரீ த்ரோவில் எத்தனைக்கு எத்தனை, இந்த மூன்றும் அணி எண்ணாகப் போதும். ஆள்வாரித் தாளை அவரவரிடம் தனியாகக் கொடுங்கள். டோர்னமெண்ட்டின் முதல் மேட்சையே எழுத ஆரம்பிக்க வேண்டாம். அதற்கு முந்தைய வாரம் பிராக்டிஸ் மேட்ச் இரண்டில் அந்த இருவரையும் உட்கார வைத்து, ஒருவர் போனில் மேட்ச் முழுக்க வீடியோ எடுக்கட்டும். தாளையும் வீடியோவையும் ஒத்துப் பார்த்தால் யார் சொல்பவர், யார் எழுதுபவர் என்பது தானாகத் தெரிந்துவிடும்.